சிறு கலாசாலையும் பெருஞ் சர்வகலாசாலையும்
(நாகமலை புதுக்கோட்டையில் கூடிய அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளையை எங்கே சேர்ப்பது என்னும் கேள்வி ஆண்டுதோறும் நம் இல்லங்களில் எழுகின்றது. பல்கலைக்கழகம் என்ற பெயர்ப்பலகையும் பெருங்கட்டிடங்களும் கண்டவிடத்தில் கடன் வாங்கியேனும் சேர்ப்பாருண்டு. வீட்டுக்கு அருகே கலாசாலை உள்ளது, அதுவே போதும் என்பாரும் உண்டு. இவ்விரண்டும் ஆராய்ந்து கொண்ட முடிவுகளல்ல என்பது நம் கருத்து.

இவ்வூரே அதற்குத் தக்க திருஷ்டாந்தம். நாடார் மகாஜன சங்கத்தார் 1965-இல் நிறுவிய எஸ். வெள்ளைச்சாமி நாடார் கலாசாலை இங்கே இருக்கின்றது. தேனிச் சாலையில் சற்று மேற்கே சென்றால், 1966-இல் தோன்றி, 1978 முதல் மதுரை காமராசர் பெயரால் வழங்கும் சர்வகலாசாலை இருக்கின்றது. ஓராண்டு இடைவெளியில் பிறந்த இவ்விரண்டும் ஒரே தொழிலுக்காகப் பிறந்தவையல்ல.

சர்வகலாசாலையின் தலையாய கடமை புதிய அறிவைத் தேடுதல். 1810-இல் பெர்லினில் ஹம்போல்ட் என்பார் வகுத்த நெறியும், 1876-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸின் நெறியும் இதுவே. நம் மதுரைச் சர்வகலாசாலையில் எம். கே. சந்திரசேகரன் என்னும் பேராசிரியர், வெளிச்சம் புகாத குகையில் வாழும் வௌவால் பொழுதை எங்ஙனம் அறிகின்றது என்று மாணாக்கருடன் பல்லாண்டு ஆராய்ந்து உலகோர் மதிப்பைப் பெற்றார். இத்தகைய வேலைக்குக் கருவியும், காலமும், ஆராய்ச்சி மாணாக்கர் குழுவும் வேண்டும். சிறு கலாசாலை அதைத் தாங்காது.

கலாசாலையின் கடமையோ மனிதனை உருவாக்குதல். அமெரிக்காவில் 1793-இல் தோன்றிய வில்லியம்ஸ், 1821-இல் தோன்றிய ஆம்ஹர்ஸ்ட் முதலிய கலாசாலைகளில் இன்றும் சுமார் 2,000 மாணாக்கரே பயில்கின்றனர். அங்கே பேராசிரியரே முதலாண்டு மாணாக்கருக்குப் பாடஞ் சொல்வார். விஞ்ஞானம் படிப்பவன் சரித்திரமும் இலக்கியமும் படிப்பான். இது நமக்குப் புதிதன்று. 1823-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் டேனியல் பூர் பாதிரியார் தலைமையில் அத்தகைய வித்தியாசாலை ஒன்று எழுந்தது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவராகி, பின்னர் 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். பூர் பாதிரியாரும் பிற்பாடு மதுரைக்கு வந்து பணிபுரிந்தார். அமெரிக்கன் கலாசாலையின் நூல்நிலையம் அவர் பெயரையே தாங்குகின்றது.

ஆயினும் நம் கலாசாலைகளுக்கு ஒரு தளை உண்டு. 1857-இல் ஏற்பட்ட சென்னைச் சர்வகலாசாலை, லண்டன் முறையைப் பின்பற்றிப் பரீட்சை நடத்தும் சபையாகவே தொடங்கியது. பாடஞ் சொல்பவர் ஒருவர். பாடத்திட்டம் வகுத்து வினாத்தாள் அமைப்பவர் வேறொருவர். ஆகவே ஆசிரியர் வினாத்தாளுக்கு அஞ்சிப் போதிக்க, மாணாக்கன் நெட்டுருச் செய்யும் வழக்கம் வேரூன்றியது. தன்னாட்சி என்னும் ஏற்பாடு இத்தளையைத் தளர்த்துவது. 1978-இல் அமெரிக்கன் கலாசாலை அதனைப் பெற்றது. பாடமும் பரீட்சையும் கலாசாலையின் கையில். பட்டம் மட்டும் சர்வகலாசாலையின் கையில்.

ஆதலின் பெற்றோர்களே, பெரியதா சிறியதா என்று கேளாதீர்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஆசிரியர் கட்டுரையைத் திருத்தித் திருப்பித் தருகிறாரா? வினாத்தாளை அமைப்பவர் யார்? நூல்நிலையத்தில் மாணாக்கன் தன் கையால் புத்தகம் எடுக்கலாமா? இந்நான்கையும் கேளுங்கள். குடும்பத்தில் முதன்முதல் பட்டப்படிப்புக்குச் செல்லும் பெண்ணோ பிள்ளையோ, பெயர் சொல்லி அழைக்க ஆளில்லாத பெருங்கூட்டத்தில் கடைசிப் பெஞ்சியில் மௌனமாய் அமர்ந்திருந்தால், அம்மூன்று ஆண்டுகள் திரும்பி வாரா. முதற் பட்டத்துக்கு ஆசிரியர் முகமறிந்து கற்பிக்கும் கலாசாலையையும், ஆராய்ச்சிக்குத் தக்க சர்வகலாசாலையையும் நாடுவதே முறை.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. நன்கொடையில் வாயில் வளைவு கட்டுவது எளிது. அதைக் காண்பாரும் பலர். நல்லாசிரியரை நியமிப்பதும் நூல் வாங்குவதும் கண்ணுக்குத் தெரியாத தருமங்கள். ஆயினும் ஒரு கலாசாலையைக் கலாசாலையாக நிறுத்துபவை அவையே. நம் சமூகத்தார் தம் பணத்தை இனி அவ்வழியில் செலுத்துவார்களாக என்று வேண்டி அமர்கின்றோம்.