மாணவர் விடுதியும் பொது இணையமும்



பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும் பெற்றோர் முன்னாளில் மூன்று கேள்விகளையே கேட்பார்கள். தங்குமிடம் எப்படி? சாப்பாடு எப்படி? தண்ணீர் எப்படி? இக்காலத்தில் நான்காவது கேள்வியொன்றும் சேர்ந்துவிட்டது. அங்கே இணைய வசதி உண்டா என்பதே அது. பலர் ஒரு கூரையின் கீழ்த் தங்கிப் படிக்கும் இடமொன்றில் இணையத்தைப் பொதுவாக அமைத்துக்கொள்வது எங்ஙனம் என்பது பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராக விளங்கிய சேர் ஐவர் ஜெனிங்ஸ், விடுதி வாழ்க்கையும் உயர்கல்வியின் ஒரு கூறே என்ற கொள்கையுடையவர். பேராதனை, உறைவிடப் பல்கலைக்கழகமாகவே அமைக்கப்பட்டது. பின்னர் மாணவர் தொகை பெருகிற்று. 1974 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் வளாகம் தோன்றிற்று. இன்று மாணவர் எல்லாருக்கும் பல்கலைக்கழக விடுதிகளில் இடம் போதாது. ஆதலின் திருநெல்வேலி, கொக்குவில் போன்ற இடங்களில் வீட்டுக்காரர் அறைகளை வாடகைக்கு விடுகின்றனர். மக்கள் இவற்றைப் ‘போடிங்’ என்று வழங்குவர். இருபது முப்பது பேர் தங்கும் இத்தகைய வீடுகளையே நான் சிறப்பாக மனத்திற் கொண்டு பேசுகிறேன்.

2020 ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் பரவிப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் இணையவழி நடந்தன. கதவுகள் மீளத் திறந்தபின்னரும் அவ்வழக்கம் முற்றாக நீங்கவில்லை. பாடக் குறிப்புகள் இணையத்தில் வருகின்றன. ஒப்படைகளை இணையத்தின் வழியே குறித்த நேரத்துக்குள் அனுப்பவேண்டும். வசதியுள்ள மாணவன் தன் கைத்தொலைபேசிக்கு வேண்டிய அளவு பணம் செலுத்திக்கொள்கிறான். வசதியற்றவனோ மாதத்தின் மூன்றாம் வாரத்தில், எவரிடம் இரவல் கேட்கலாம் என்று அறை அறையாகப் பார்க்கிறான். ஒரே வகுப்பில், ஒரே பரீட்சைக்குப் படிக்கும் இருவரிடையே இவ்வேற்றுமை இருத்தல் தகுமா? பொது இணைப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஓர் இணைப்பைப் பெற்று, செலவை எல்லாரும் பங்கிட்டுக்கொண்டால் காரியம் முடிந்தது என்று தோன்றும். முதல் வாரம் எல்லாரும் மகிழ்வர். இரண்டாம் வாரம் முறைப்பாடு தொடங்கும். மூன்றாம் வாரம் ஒருவன் மற்றவனைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். இதற்கு நிவாரணம் கடையில் வாங்கும் பெட்டிக்குள் மாத்திரம் இல்லை. நம் முன்னோர் கிணற்றைப் பங்கிட்ட முறையிலும் அதற்கு விடையுண்டு.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நிலத்தின் பரப்பையும் எல்லைகளையும் கூறியபின், கிணற்றில் இத்தனை பங்கு, வழியிலும் வாய்க்காலிலும் இத்தனை பங்கு என்று உறுதி விதந்து சொல்லும். துலாவால் இறைத்த காலத்திற் பங்காளர் ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை இருந்தது. ஊற்று எவ்வளவு சுரக்கும் என்பதை அறிந்தே முறை வகுத்தார்கள். இணையமும் இத்தகைய கிணறே. அதன் ஊற்றையும் முதலில் அளந்து பார்ப்போம்.

விடுதியொன்றில் 30 பேர் இருக்கின்றனர் என்றும், அவர்கள் பெற்ற இணைப்பின் வேகம் விநாடிக்கு 100 மெகாபிட் என்றும் வைத்துக்கொள்வோம். முப்பது பேரும் ஒரே வேளையில் இறங்கினாலும் ஒருவருக்கு 3 மெகாபிட்டுக்குச் சற்று மேலாகவே கிடைக்கும். காணொளி விரிவுரை ஒன்றைக் கேட்பதற்கு ஏறக்குறைய 2 மெகாபிட் போதும். ஆகவே வேகம் போதாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் மாத அளவைப் பாருங்கள். 2 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் விரிவுரை கேட்டால் 900 மெகாபைட் செலவாகும். முப்பது பேரும் நாளுக்கு இரண்டு மணி நேரமாக முப்பது நாள் கேட்பின், 1620 ஜிகாபைட் வேண்டும். சந்தாவில் எல்லை குறிக்கப்பட்டிருப்பின், அவ்வெல்லை தாண்டியதும் வேகம் நூலிழையாகிவிடும். ஆதலின் விளம்பரத்திற் பெரிய எழுத்திலுள்ள வேகத்தை மாத்திரம் பாராமல், மாத அளவு எவ்வளவு, பலர் பங்கிட்டுப் பயன்படுத்த ஒப்பந்தம் இடந்தருகிறதா என்பவற்றையும் வாசித்தறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

கணக்கின்படி வேகம் போதுமாயின், ஒருவன் படம் இறக்கும்போது மற்றவனுடைய விரிவுரை ஏன் தடைப்படுகிறது? தரவுகள் சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு, ரவுட்டர் என்னும் பெட்டியின் வாசலில் வரிசையாக நிற்கின்றன. ஒருவன் பெருங்கோப்பொன்றை இழுக்கும்போது அவனுடைய பொதிகள் ஆயிரக்கணக்கில் வரிசையை அடைத்துக்கொள்ளும். மற்றவனுடைய சிறு பொதி கடைசியில் நின்று வாடும். இதற்கு ஜோன் நேகிள் என்ற அறிஞர் 1985 ஆம் ஆண்டிலேயே ஒரு வழி கூறினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை வைத்து, வரிசைக்கு ஒரு பொதியாக முறைமுறையாக அனுப்புக என்பதே அது. நமது இறைப்பு முறையும் இதுவேயன்றோ? இதன் செம்மையான வடிவமொன்றை விவரிக்கும் ஆவணம் 2018 இல் வெளியாயிற்று. இவ்வசதியுள்ள ரவுட்டரைக் கேட்டு வாங்குதல் நன்று. ஏற்றுமதிப் பாதை பல இணைப்புகளில் இறக்குமதிப் பாதையிலும் ஒடுக்கமானது என்பதையும் மறத்தலாகாது. ஒரு கைத்தொலைபேசி தன் புகைப்படங்களையெல்லாம் தானாகவே மேலே அனுப்பிக்கொண்டிருந்தால், பக்கத்து அறைப் பிள்ளையின் ஒப்படை நள்ளிரவு வரை போய்ச் சேராது.

இனிப் பெட்டிகளை வைக்கும் இடம். வரவேற்பறை மூலையில் ஒரு ரவுட்டரை வைத்துவிட்டு, மேல்மாடியின் கடைசி அறைக்கும் அலை எட்டும் என எதிர்பார்த்தல் வீண். கல்லும் சீமெந்தும் அலையை உறிஞ்சும். வைஃபை அலைகளுள் 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரைக் கடப்பதில் வலியது. 5 கிகாஹேர்ட்ஸ் விரைவானது, ஆயினும் சுவருக்குத் தோற்கும். எனவே மாடிக்கு ஒன்றாக அலைபரப்பும் பெட்டிகளை நடுக்கூடத்தில் உயர்த்தி வைத்து, அவற்றைக் கம்பியால் இணைத்தல் வேண்டும். சாதாரண வலையமைப்புக் கம்பி 100 மீற்றர் வரை செல்லும். வீட்டுக்கு அது தாராளம். அறைக்கு ஒரு ரவுட்டர் வைத்தல் நன்மை தராது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத தடங்களாக 1, 6, 11 ஆகிய மூன்றையே கொள்வது வழக்கம். பத்துப் பேர் ஒரே அறையிற் கூச்சலிட்டாற் போலவே பத்து ரவுட்டர்களும் ஒன்றையொன்று கெடுக்கும். மின்தடைக்கும் ஆயத்தம் வேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. ரவுட்டருக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சிறிது. சிறு மின்கலப் பெட்டியொன்று அதனைச் சில மணி நேரம் தாங்கும்.

நிற்க. வீட்டிலுள்ள முப்பது பேரும் வெளியுலகுக்குப் பெரும்பாலும் ஒரே முகவரியில் தோன்றுவர். கடிதங்கள் எல்லாம் வீட்டிலக்கத்துக்கு வந்து, பின்னர் அறைகளுக்குப் பகிரப்படுவது போன்றது இது. ஆதலின் ஒருவன் செய்யும் தவற்றுக்குச் சந்தாக்காரரே முதலில் விடையிறுக்க நேரும். ஒரே கடவுச்சொல்லைச் சுவரில் எழுதிவைப்பதை விடுத்து, ஒவ்வொருவருக்கும் தனிப்பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுத்தல் சிறந்தது. உலகின் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘எடியுரோம்’ ஏற்பாடும் இத்தகையதே. அதேவேளை, யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்று அறிவது வேறு; எதைப் பார்த்தார் என்று துருவுவது வேறு. முன்னது கணக்கு, பின்னது அடுத்தவர் கடிதத்தைப் பிரித்து வாசிப்பதற்கு ஒப்பானது. கணக்கு வைப்பவர் இவ்வெல்லையைத் தாண்டலாகாது.

இனி, முறை வகுப்பவர் யார் என்ற கேள்வி. பொதுவளம் எவருக்கும் திறந்திருந்தால் அழிந்தே போகும் என்று 1968 இல் காரெட் ஹார்டின் எழுதினார். எலினோர் ஒஸ்ட்ரொம் என்ற அம்மையார் சுவிற்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களையும், ஸ்பெயினில் வலென்சியாவின் வாய்க்கால்களையும் ஆராய்ந்து, 1990 இல் மாறான விடையைத் தந்தார். பயன்படுத்துவோர் தாமே கூடி விதி செய்து, தாமே கண்காணித்து, சிறு தவற்றுக்குச் சிறு தண்டனை என வகுத்துக்கொண்ட இடங்களிற் பொதுவளம் நூற்றாண்டுகள் நின்று நிலைத்தது என்று காட்டினார். 2009 ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நமது விடுதிக்கும் இப்பாடம் பொருந்தும். வீட்டுக்காரரோ காப்பாளரோ விதித்த கட்டளையை மீற வழி தேடுவது இளைஞர் இயல்பு. தாமே செய்த விதியைக் காப்பது அவர்களுக்குத் தன்மானமாகும். ஆகவே மாணவர்கள் தவணைத் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுது கூடியிருந்து சிலவற்றைத் தீர்மானிக்கட்டும். மாலை ஏழு மணி தொடக்கம் பதினொரு மணி வரை படிப்புக்கே முதலிடம். படங்களும் பெருங்கோப்புகளும் நள்ளிரவுக்குப் பின். வாரந்தோறும் செலவான அளவைப் பொதுப் பலகையில் எழுதுதல். மீறியவருக்கு முதலில் ஒரு சொல். பின்னும் மீறினால் சில நாள் வேகக் குறைப்பு. எக்காரணத்தாலும் பரீட்சைக் காலத்தில் இணைப்பை அறவே துண்டிக்காமை. நிர்வாகக் கடவுச்சொல் இருவரிடம் இருத்தலும், தவணைக்கொருமுறை கணக்குப் புத்தகத்தோடு அது கைமாறுதலும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது பேரில் இருவருக்குப் பங்குப் பணம் செலுத்த இயலாதெனின், எஞ்சிய 28 பேரும் அதனை ஏற்கும்போது ஒவ்வொருவருக்கும் கூடுவது நூற்றுக்கு ஏழு அளவே. இதனைப் பெயர் சொல்லாமல் பொதுப் பணத்திலிருந்து செய்துவிடலாம். அந்த இருவரும் யாரென்று பொருளாளரைத் தவிர மற்றெவரும் அறியவேண்டியதில்லை. என் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளுள் இவ்விருவரில் ஒருவராக இருக்கக்கூடியவர்கள் ஆண்டுதோறும் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள், கேட்பதற்கு மாத்திரம் நாணுபவர்கள். கேளாமலே அவர்களுக்குப் பங்கு கிடைக்குமானால், அதுவே பொது இணைப்பின் முதற் பயன் என்பேன்.

இந்தத் தவணையில் விடுதிகளுக்குப் போகும் பிள்ளைகளும், அவர்களுக்கு அறை கொடுக்கும் வீட்டுக்காரரும் நான் சொன்னவற்றைக் கலந்து பேசிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். பெட்டி வாங்குவதற்கு முன்னரே அப்பேச்சு நடைபெறட்டும்.