எஃகு நகரத்துப் பெண்கள்



பட்டணத்துச் சிலைகள் பெரும்பாலும் அரசருக்கும் தளபதிகளுக்கும் எழுப்பப்பட்டவை. இன்று நாம் காணப்போவதோ வேலை உடுப்பில் கைகோத்து நிற்கும் இரு பெண்களின் வெண்கலச் சிலை. இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரில், சிட்டி ஹால் அரங்கத்தின் முன்னே அது நிற்கிறது.

ஷெஃபீல்டு கத்திக்கும் எஃகுக்கும் பேர்போன ஊர். நாம் வேலைக்காட்டுக்குக் கொண்டுபோகும் எவர்சில்வர் தூக்குச்சட்டி இருக்கிறதே, அந்தத் துருப்பிடிக்காத எஃகை 1913இல் ஹாரி பிரியர்லி என்பவர் உருவாக்கியது இவ்வூரில்தான்.

இரண்டு உலகப் போர்களிலும் ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். ஆலைகள் நிற்கலாமா? பீரங்கியும் விமானமும் எஃகு இல்லாமல் ஏது? ஆகவே பெண்கள் உள்ளே வந்தார்கள். 1941 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களைப் போர்க்காலப் பணிக்குக் கட்டாயமாக அழைத்தது. கடையில் சாமான் விற்றவளும் வீட்டு வேலை செய்தவளும் உலைக்களத்துக்கு வந்தார்கள். தலைக்கு மேலே ஓடும் பாரந்தூக்கியை இயக்கினார்கள். கடைசல் இயந்திரத்தில் நின்றார்கள். பழுக்கக் காய்ந்த எஃகு உருளைகளுக்கிடையே ஓடும் ஆலையிலும் வேலை செய்தார்கள். இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. இரவு வேலையும் உண்டு. 1940 டிசம்பர் 12ஆம், 15ஆம் நாள் இரவுகளில் ஜெர்மானிய விமானங்கள் நகரில் குண்டு வீசி, 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தன. அப்படிப்பட்ட ஊரில்தான் இப்பெண்கள் நடந்து வேலைக்குப் போனார்கள். ஆனால் சம்பளம் மட்டும் ஆண்களைவிடக் குறைவு! நம் தாய்மார்களுக்கு இது புதிய கதையல்ல.

1945இல் போர் முடிந்தது. ஆண்கள் திரும்பினார்கள். பெண்களுக்கு, இனி வேலையில்லை என்ற சொல்தான் கிடைத்தது. பாராட்டு இல்லை, விழா இல்லை. அம்மா எஃகாலையில் உழைத்தவள் என்பதே தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்.

2009இல், எண்பது வயது கடந்த ஒரு மூதாட்டி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் வயலில் உழைத்த பெண்களைப் போற்றிய நிகழ்ச்சி அது. "எங்களை ஏன் யாரும் நினைக்கவில்லை?" என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்குத் தொலைபேசியில் பேசினார். அவரோடு மேலும் மூவர் சேர்ந்தார்கள். 2010இல் இலண்டன் சென்று பிரதமர் கார்டன் பிரவுனைச் சந்தித்தார்கள். அதன்பின் சிலைக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டப்பட்டது. ஒரு தொலைபேசிப் பேச்சு இவ்வளவு தூரம் போகும் என்று அந்த அம்மையாரே எண்ணியிருப்பாரா என்பது ஐயந்தான்.

சிற்பி மார்ட்டின் ஜென்னிங்ஸ் சிலையை வடித்தார். எஃகு நகரத்துக்கு ஏன் வெண்கலம் என்று நேயர்கள் கேட்கலாம். மழையிலும் பனியிலும் சாதாரண எஃகு துருவேறும். வெண்கலம் மேலே ஒரு படலம் படிந்து தன்னைக் காத்துக்கொள்ளும்.

2016 ஜூன் 17ஆம் நாள் திரை விலக்கப்பட்டது. போர் முடிந்து 71 ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடிருந்த எஃகாலைப் பெண்கள் பலர் வந்திருந்தார்கள். இருபது வயதில் உலைமுன் நின்றவர்களுக்கு அன்று தொண்ணூறு கடந்திருந்தது. அவர்களுடன் வேலை செய்த மற்றவர்களில் பெரும்பாலோர் அதற்குள் மறைந்துவிட்டார்கள்.