பகிடியும் வதையும்



எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘பகிடி’ என்பது நல்ல சொல். பகிடி விடத் தெரிந்த ஒருவர் இல்லாத கலியாண வீடு களைகட்டுவதில்லை. இந்தச் சொல்லோடு ‘வதை’ என்பதும் ஒட்டிக்கொண்டது எங்கள் காலத்தின் துயரம். பகிடிவதை என்றதும் பல்கலைக்கழகங்களே நினைவுக்கு வருகின்றன. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். உயர்கல்வி நிலையங்களில் அதைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் மறு ஆண்டே, 1998இல், வந்தது. ஆனால் இருபது வயதில் ஒருவன் திடீரென்று பிறரை வதைக்கப் பழகுவதில்லை. அந்தப் பழக்கம் பள்ளிக்கூட வாங்கிலேயே தொடங்கிவிடுகிறது. நான் பேச வந்தது அந்த வாங்கைப் பற்றி.

நான் நெடுந்தீவில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் படிப்புக்கென்று யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு அனுப்பப்பட்டேன். படகில் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் ஏறி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து வரும்வரை நான் இன்னாருடைய மகன். பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் நான் ‘தீவான்’.

எங்கள் தீவில் கட்டாக்காலிக் குதிரைகள் உண்டு. வகுப்பில் அதையும் அறிந்திருந்தார்கள். நான் விடை சொல்ல எழும்பும்போதெல்லாம் கடைசி வாங்கிலிருந்து ஒருவன் குதிரைபோலக் கனைப்பான். வகுப்பே சிரிக்கும். ஒருநாள் ஆசிரியரும் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். சிரிப்பு வந்தது, சிரித்தார். அன்றோடு நான் கை உயர்த்துவதை விட்டுவிட்டேன். முறையிட இனி ஓர் இடமில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் ‘நான் நல்ல சுகம்’ என்றே எழுதினேன்.

இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. மறு வருடம் நயினாதீவிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவனுக்குப் பேச்சுத் திக்கும். கனைத்தவர்களின் கவனம் அவன்மீது திரும்பியது. எனக்கு அது பெரிய ஆறுதல். அவன் திக்கியபோது நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே சிரித்தேன். விடுமுறைக்குப் போகும்போது இருவரும் ஒரே துறையில் படகுக்குக் காத்திருப்பவர்கள். ஒரு தவணை முடியுமுன்பே அவன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டான். அதன்பின் அவனை நான் காணவில்லை. குறிகட்டுவானில் நிற்கும்போது என் கண் இன்றைக்கும் நயினாதீவுப் படகின் பக்கம் போகிறது.

பின்னர் நான் ஆசிரியனானேன். 1990இல் ஊர்காவற்றுறைப் பக்கத்திலிருந்து யுத்தத்தால் இடம்பெயர்ந்த பிள்ளைகள் சிலர், வலிகாமத்தில் நான் படிப்பித்த வகுப்புக்கு வந்தார்கள். வீடு, வளவு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் இழந்து வந்த பிள்ளைகள். முதல் வாரத்திலேயே கடைசி வாங்கிலிருந்து அந்தப் பழைய சொல் கேட்டது: ‘தீவான்!’ வகுப்புச் சிரித்தது.

நான் புத்தகத்தை மூடினேன். சொன்னவனை அடிக்கவில்லை. அடித்தால், அந்த அடி மாலையில் ஒழுங்கையில் வைத்துப் புதிய பிள்ளைக்கே திரும்பும் என்பது எனக்குத் தெரியும். சிரித்தவர்களைப் பார்த்துத்தான், “என்னத்துக்குச் சிரிச்சனீங்கள்? எனக்கும் சொல்லுங்கோ” என்று கேட்டேன். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. “நானும் தீவான்தான்” என்றேன். குதிரைக் கனைப்பையும் நயினாதீவுப் பையனையும், நான் சிரித்ததையும் மறைக்காமல் சொன்னேன். அந்தச் சொல் அன்றோடு ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த தடவை அது கேட்டபோது வகுப்புச் சிரிக்கவில்லை. சிரிக்க ஆளில்லாத பகிடி நெடுநாள் நிற்பதில்லை.

இதையே உலகமும் தன் வழியில் கண்டறிந்திருக்கிறது. எங்கள் மக்கள் பலர் குடியேறியிருக்கும் நோர்வேயில், 1982இல் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் வதையே காரணமாக இருக்கலாமென்று அறிந்தபோது நாடே அதிர்ந்தது. மறு ஆண்டு நாடளாவிய இயக்கம் ஒன்று தொடங்கியது. டான் ஒல்வேயஸ் என்ற ஆய்வாளர் பேர்கன் நகரப் பாடசாலைகளில் இதை ஆராய்ந்தார். வதைப்பவனையும் வதைபடுபவனையும் மட்டுமல்லாமல் ஆசிரியர், பெற்றோர், பார்த்துநிற்கும் பிள்ளைகள் அனைவரையும் அவருடைய திட்டம் பொறுப்பாளிகளாக்கியது. அங்கே வதை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று அவர் அறிவித்தார்.

வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில், விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பம் தருவதே என்கிறார். குறளை மனனம் செய்யப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதே வகுப்பில் நாங்களே ஒரு பிள்ளையை ஊர்ப் பெயராலோ உடற்குறையாலோ அழைத்துச் சிரித்துவிடுகிறோம். அந்தச் சிரிப்பு இன்று கைத்தொலைபேசி வழியே பிள்ளையின் படுக்கைவரை தொடர்ந்து வருகிறது.

ஆகவே பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை பள்ளியால் வந்ததும், “உன்னை ஆரும் பகிடி பண்ணினவையோ?” என்று கேளுங்கள். அதோடு நிறுத்தாமல், “நீ இண்டைக்கு ஆரைப் பார்த்துச் சிரிச்சனி?” என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.