சிரிப்பு யார் தலையில் விழுகிறது?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் வரும் 'வெளிநாட்டுக்காரர்' பற்றிப் பேச வந்திருக்கிறேன். மொழி வராது, ஊர் வழக்கம் தெரியாது, வாயைத் திறந்தாலே சிரிப்பொலி எழும். அப்படி ஒருவர் பல தொடர்களில் இருக்கிறார். இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒரு சமூகம் யாரைப் பார்த்து, குடும்பத்தோடு உட்கார்ந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சிரிக்கிறது என்று பாருங்கள். அங்கே அதிகாரம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

1970களின் பிரிட்டனிலிருந்து இரண்டு தொடர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 'ஃபால்டி டவர்ஸ்'. பிபிசியில் 1975லும் 1979லுமாக மொத்தம் 12 பாகங்கள்தான் வந்தன. கடற்கரை ஊரில் ஒரு ஓட்டல், அதன் முதலாளி பேசில். பார்சிலோனாவிலிருந்து வந்த மானுவேல் அங்கே சர்வர். ஆங்கிலம் புரியாததால் ஒவ்வொரு உத்தரவும் கோளாறாகிறது. உடனே முதலாளியின் கை நீளுகிறது.

இன்னொன்று 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. ஐடிவியில் 1977 டிசம்பர் இறுதியில் தொடங்கியது. லண்டனில் ஒரு மாலைநேர ஆங்கில வகுப்பு. சீக்கியர், பாகிஸ்தானியர், சீனர், ஜப்பானியர், இத்தாலியர், பிரெஞ்சுப் பெண் எனப் பல நாட்டு மாணவர்கள். நடுவில் பொறுமையான வெள்ளைக்கார ஆசிரியர்.

இரண்டிலும் உடைந்த ஆங்கிலம்தான் சரக்கு. ஆனால் சிரிப்பு விழும் இடம் வேறு. மானுவேலை பேசில் வேலைக்கு வைத்ததே சம்பளம் குறைவு என்பதால்தான். தொடரே அதைச் சொல்லிவிடுகிறது. தனக்கு ஸ்பானிய மொழி தெரியும் என்று பீற்றிக்கொள்கிற பேசிலுக்கு அதுவும் ஒழுங்காக வராது. மலிவாக ஆள் பிடித்து, மொழி தெரியாததற்காக அவரையே அடிக்கிற முதலாளிதான் அங்கே கோமாளி. அதற்காக மானுவேல் தப்பிவிடுவதில்லை, அடி வாங்குவது அவர்தான். ஆனாலும் அடிக்கிற கை யாருடையது என்பதைக் கேமரா மறைக்கவில்லை.

இரண்டாவது தொடரில் ஆசிரியருடைய ஆங்கிலம்தான் அளவுகோல். மற்ற எல்லோரும் அதற்கு முன் நிற்கும் பிழைகள். சீக்கியர் ரஞ்சித்தும் பாகிஸ்தானியர் அலியும் வகுப்பில் ஓயாமல் சண்டை போடுகிறார்கள், ஆசிரியர் விலக்கிவிடுகிறார். 1947இல் எல்லைக்கோட்டைக் கிழித்துவிட்டுப் போன நாடு, இங்கே சமாதானம் செய்கிற நல்லவராக வந்து நிற்கிறது. ரஞ்சித்தாக நடித்த ஆல்பர்ட் மோசஸ் பிறந்தது இலங்கையில். பழுப்பு நிறமாக இருந்தால் போதும், தலைப்பாகை கட்டிவிடலாம் என்பதுதான் கணக்கு.

அதே வகுப்பில் ஜமீலா என்றொரு இந்தியப் பெண். சேலை கட்டிக்கொண்டு பின்னல் வேலை செய்வார். ஆங்கிலம் தெரியாத அப்பாவி. இந்தத் தொடர் ஓடத் தொடங்கியபோது அதே லண்டனில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவும் ஆலையின் வாசலில், சேலை கட்டிய தெற்காசியப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். 1976 ஆகஸ்டில் தொடங்கிய போராட்டம். தலைமை ஜெயாபென் தேசாய். தொழிற்சங்க உரிமைக்காகக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் நின்றார்கள், 1978 ஜூலையில் தோற்றார்கள். தெருவில் சேலை கட்டிய பெண் முதலாளியிடம் உரிமை கேட்டுக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் சேலை கட்டிய பெண்ணுக்குப் பேச்சே வரவில்லை. இந்த வகைச் சிரிப்பு செய்யும் வேலை இதுதான். உரிமை கேட்கும் ஆளை, இரக்கத்துக்குரிய ஆளாக மாற்றிக் காட்டுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். 'ஃபால்டி டவர்ஸ்' ஸ்பெயினுக்குப் போனபோது ஒரு சிக்கல். தங்கள் ஆளையே முட்டாளாகக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? டப்பிங்கில் மானுவேலை இத்தாலியர் ஆக்கிவிட்டார்கள். பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவில் அவர் மெக்சிகோக்காரர் ஆனார். அடியும் அப்படியே, சிரிப்பும் அப்படியே. வாங்குகிற ஆள் மட்டும் மாறினார்.

இந்தியாவிலும் இது நடந்தது. 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரைத் தழுவி 1993இல் தூர்தர்ஷனில் 'ஜபான் சம்பால்கே' வந்தது. இந்தி வகுப்பு. அங்கே வெளிநாட்டுக்காரர்களோடு தென்னிந்தியரும் மாணவர். லண்டனில் இந்தியரைப் பார்த்துச் சிரித்த அதே அச்சில், இங்கே இந்தி வராதவர் வார்க்கப்பட்டார்.

அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று எதைச் சொன்னாரோ, அதன் ஒரு சாயலை இங்கே பார்க்கலாம். சாதியும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பிறப்பால் பூட்டப்பட்ட கொடுமையும் டிவி ஜோக்கும் ஒன்றாகாது. ஆனால் இயங்கும் விதம் பழக்கமானது. மேலிருந்து வரும் இழிவை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. தனக்குக் கீழே ஒருவரைத் தேடிக் கைமாற்றி விடுகிறார்கள்.

'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் வரும் கடைக்காரர் அபுவை எதிர்த்து ஹரி கொண்டபோலு 2017இல் ஆவணப்படம் எடுத்தார். அபுவுக்குக் குரல் கொடுத்துவந்த வெள்ளையரான ஹேங்க் அசாரியா 2020இல் அந்தப் பாத்திரத்துக்கு இனிக் குரல் தரமாட்டேன் என்று அறிவித்தார். நியாயமான வெற்றி. பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலால் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளின் வெற்றி. ஆனால் 'இந்தியர்களைப் பார்த்துச் சிரிக்காதே' என்பதோடு நாம் நின்றுவிட்டால், அது தேசப் பெருமை மட்டும்தான். 'பிக் பேங் தியரி'யின் ராஜ் டெல்லிப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய உச்சரிப்பைக் கிண்டல் செய்தால் நமக்குச் சுருக்கென்கிறது. அவர் வீட்டு வேலைக்காரர்கள் ஜோக்காக வந்துபோனால் சுருக்கென்கிறதா? யார் அவர்கள், என்ன சாதி, என்ன கூலி என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இன்று நம் ஊர் ஓட்டல்களில் தட்டு எடுப்பவர், மேசை துடைப்பவர் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். மலிவுக் கூலிக்கு எடுக்கப்பட்டவர்கள். 'தோசை' என்றால் 'பூரி' கொண்டுவருகிறார் என்று ரீல்ஸ் போட்டுச் சிரிக்கிறோம். இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் உரிமை. அது டெல்லி அதிகாரத்தோடு போடும் சண்டை. மேசை துடைக்கிற தொழிலாளியின் தமிழைக் கேலி செய்வது அந்தச் சண்டையின் பகுதி இல்லை. இந்தி வகுப்பில் நம் தலையில் வைத்த சுமையை நாம் அவர் தலைக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

சிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிரிப்பு நமக்கும் ஆயுதம்தான். பேசிலைப் பார்த்துச் சிரிப்போம். மலிவாக ஆள் பிடித்து, மொழி தெரியவில்லை என்று கை ஓங்கும் பேசில்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் இன்னும் ஒரு நல்ல காமெடி எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.