ஈரலைக் காப்போம், உழவரைக் காப்போம்!

(பல்லேபொலவில் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மாத்தளை மாவட்டத்தின் இந்தப் பல்லேபொல மண்ணில் பயிரைப் பூச்சி தின்னாதிருக்க நாம் 'மருந்து' அடிக்கின்றோம். நோய் தீர்ப்பதல்லவா மருந்து? உயிர் கொல்வது நஞ்சு! அதனை நஞ்சென்று அழைப்பதே நம் முதற்கடமை.

நஞ்சு வாய்வழியாக மட்டும் புகுவதில்லை. நனைந்த சட்டையினூடே தோலிலும், மூச்சினூடே நுரையீரலிலும் புகுகின்றது. புகுந்ததை முறிக்கும் பொறுப்பு கல்லீரலுடையது. ஆனால் கொடுமையைக் கேளுங்கள்! மலத்தியன், டயசினன் முதலியவற்றை முறிக்க முனையும் ஈரல், அவற்றில் ஒரு பகுதியை முன்னிலும் கொடிய நஞ்சாக மாற்றிவிடுகின்றது. காவற்காரனே கள்வன் கையில் கத்தி கொடுத்த கதைதான் இது! டீ.டீ.ரீ. போன்றவையோ உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்காகத் தங்கிவிடுகின்றன.

ஈரல் தன் நோவை எளிதில் வெளியிடாது. பெரிதும் பழுதான பின்னரே மஞ்சட் காமாலையும் வயிற்று வீக்கமும் தோன்றுவதுண்டு. அப்போது, "குடித்துக் கெட்டான்" என்று ஏழைமேற் பழி சுமத்துவது எளிது. மது ஈரலைக் கெடுப்பது மெய்யே; கிருமியாலும் ஈரல் கெடும். ஆயினும், "எந்த நஞ்சை எத்தனை ஆண்டு தெளித்தாய்?" என்றும் வைத்தியர் கேட்க வேண்டாமா?

சட்டத்தால் ஆவதென்ன என்போருக்கு இலங்கையே விடை கூறும். 1980இல் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடபொஸ் ஆகியனவும், 1998இல் எண்டோசல்பானும் தடுக்கப்பட்டன. 2008 முதல் பராகுவாட்டும் படிப்படியாக விலக்கப்பட்டது. நஞ்சருந்தி மாண்டோர் தொகை குறைந்தது; அத்தடைகளால் நெல் விளைச்சல் குன்றிவிடவில்லை!

எனவே நாம் கேட்பவை மூன்று. போத்தலின் எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்கவேண்டும். கையுறையும் முகமூடியும் ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்கவேண்டும். தெளிப்போருக்கு ஆண்டுதோறும் இலவசமாகக் குருதிச் சோதனை நடக்கவேண்டும். ஈரலில் உண்டாகிக் குருதியில் ஓடும் கொலினெஸ்தரேசு என்னும் நொதியம் இந்நஞ்சுகள் பட்டாற் குறையும்; அதனை அளக்க முடியும்.

நம் கடமையும் உண்டு. காற்றுக்கெதிரே தெளியாதீர்கள். கைகழுவாமல் வெற்றிலையைத் தொடாதீர்கள். வெறும் போத்தலில் எண்ணெய் வாங்காதீர்கள். தெளித்த உடையைக் குழந்தைகளின் உடையோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

நாட்டுக்குச் சோறு போடுபவன் நஞ்சுண்டு வாழ்வதா? கூடாது என்போம், ஒன்றுபட்டு உரத்துச் சொல்வோம்!