குருதி காட்டும் அளவு

வலிப்பு நோய்க்கு 1912ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் பீனோபாபிற்றோன், மூளையின் மிகைக் கிளர்ச்சியைத் தணித்து, உறக்கமும் தரும் மருந்தாகும். இருவர் ஒரே அளவில் உட்கொண்டாலும், ஈரலும் சிறுநீரகமும் அதனைக் கழிக்கும் வேகம் ஆளுக்காள் வேறுபடும். ஆதலின் ஆய்வுகூடத்திற் குருதியைச் சோதிக்கின்றனர். லீற்றருக்கு 15 முதல் 40 மில்லிகிராம் வரை பொதுவாகத் தகுந்த அளவெனக் கொள்வர். குறைந்தால் வலிப்பு மீளலாம். மிகுந்தால் தள்ளாட்டமும் மயக்கமும் தோன்றும். மேலும் மிகுந்தால் மூச்சே தளரும்.

மருந்து உடலில் நிலைபெறச் சில வாரங்கள் செல்லும். அளவை மாற்றிய மறுநாளே சோதிப்பதாற் பயனில்லை.

மருந்துண்ணும் பிள்ளை வகுப்பிற் தூங்கி விழுந்தால், அவனைச் சோம்பேறியென ஆசிரியர் ஏசுதல் தகாது. பெற்றோர் மருந்தைத் திடீரென நிறுத்துதலோ பேராபத்து. இடையறாத வலிப்பு உயிரையும் பறிக்கும். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தைக் குறைப்பதா, தொடர்வதா என்பதை அவர் தெளிய, சிறிதளவு குருதி துணைசெய்யும்.