பனங்களியும் கலவைக் கரைப்பானும்

ஆவணி மாதத்தில் யாழ்ப்பாணத்து வளவுகளிலே பனம்பழம் விழும் ஓசை கேட்கும். அதன் களியைப் பணியாரமாகவும் பனாட்டாகவும் உண்ணும் மக்கள் அதன் கைப்பையும் நன்கறிவர். பிளபெல்லிபெரின் எனப்படும் சப்போனின் வகைப் பொருள்களே அக்கைப்புக்குக் காரணம் என்று இலங்கை ஆய்வாளர் கண்டனர். கைப்பை நீக்கினால், வீணாகும் பழம் பாகாகவும் பானமாகவும் பயன்படும். கைப்பு நீங்கிற்றா என்பதை எவ்வாறு அறிவது?

அதற்குத் துணையாவது மென்படை நிறப்பகுப்பு. கண்ணாடித் தகட்டில் சிலிக்காப் பொடியை மெல்லிதாகப் பூசி, கீழோரத்துக்குச் சற்று மேலே சாற்றின் துளியை இட்டு, மூடிய சாடியிலுள்ள கரைப்பானில் நிறுத்துவர். திரியில் எண்ணெய் ஏறுவதுபோலக் கரைப்பான் ஏறும். சிலிக்காவை இறுகப் பற்றும் பொருள் பின்தங்கும். பற்றாத பொருள் முந்தும். 1938இல் இஸ்மாயிலோவும் சிறைபரும் கார்க்கோவ் நகரில் தொடக்கிய இம்முறையை, 1950களில் ஜெர்மானியரான ஏகோன் ஸ்டால் செம்மைப்படுத்தினார்.

களியின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டீன் வகைப் பொருள்கள் ஹெக்சேன் மிகுந்த கரைப்பானில் எளிதில் ஏறும். சர்க்கரைக் கூறுகளைத் தாங்கிய கைப்புப் பொருளோ அதில் அசையாது. அதற்குப் பியூட்டனால், எதனால், அமோனியா நீர் ஆகியவற்றின் கலவை வேண்டும்.

கலவை என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று. எளிதில் ஆவியாகும் கூறு முதலிலே பிரிந்துவிடும். ஈதர் கொதிப்பது ஏறத்தாழ 35 பாகை செல்சியசில். யாழ்ப்பாணத்துக் கோடை நண்பகலின் வெப்பம் அதற்கு அண்மையது. அமோனியாவும் திறந்த போத்தலில் தங்காது. தகட்டில் ஏறும்போது நீர் போன்ற கூறுகளைச் சிலிக்கா பற்றிக்கொள்வதால், முன்விளிம்பில் ஏனைய கூறுகளே மிகும். ஆகவே காலையில் நடுவிலே நின்ற புள்ளி மாலையில் அடியிலே மறைந்து கிடக்கலாம். அதைக் கண்டு கைப்பு அகன்றதென்று தீர்ப்பளித்தால், பழியை ஏற்பது பழமே.

இதற்குப் பரிகாரம் அரியதன்று. கலவையை அளந்து அன்றன்றே ஆக்குக. சாடியின் உட்சுவரில் வடிதாள் பதித்து, மூடி, ஆவி நிறையும்வரை பொறுத்திருக்க. பழைய கலவைக்குமேல் புதியதை வார்க்கற்க. மாரியின் ஈரம் சிலிக்காவின் பற்றைக் குறைக்குமாதலால், தகட்டைச் சூட்டில் உலர்த்துக. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதிக்கும் சாற்றின் அருகே, அறிந்த கைப்புப் பொருளையும் அதே தகட்டில் இடுக. கரைப்பான் பிழைத்தாலும் இரண்டும் ஒருமித்துப் பிழைக்கும். அப்பிழையே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.